வேர்க்காத கழுத்து

ஊருக்கு ஊர் இப்போது ஓர் இனம் பெருகி வருகிறது. பதக்க ஓட்டக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஓட்டக்காரர் வேறு, இவர் வேறு. ஓட்டக்காரர் விடியற்காலையில் எழுந்து ஓடிவிட்டு, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. பதக்க ஓட்டக்காரர் ஓடப்போகிறார் என்பது மூன்று வாரத்துக்கு முன்பே அவருடைய சித்தப்பா மகனின் மைத்துனர் வரைக்கும் தெரிந்திருக்கும்.

இவரைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கல்யாணப் பந்தியில் ஜாங்கிரி வரும்போது இலையைக் கையால் மறைத்து, "வேணாங்க, அடுத்த ஞாயித்துக்கெழம ரன் இருக்குது" என்று பந்தி முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டு, பின்னால் வருகிற பாதுஷாவில் இரண்டு வாங்கிக்கொள்கிறவர் இவரே. கிலோமீட்டர் என்று சொல்லமாட்டார், 'கே' என்பார். காலில் பச்சைப் பசேலென்று ஒரு ஷூ. அது ஓடிய தூரத்தைவிட அதைப் பற்றிப் பேசிய தூரம் அதிகம். கையில் அடிகளை எண்ணும் கடிகாரம். ஆரணியில் இந்தக் கடிகாரத்துக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: காலையில் அதைக் கழற்றி, பவர்லூமில் முன்னும் பின்னும் ஆடுகிற பலகையில் கட்டிவிட்டால் மாலைக்குள் முப்பதாயிரம் அடி காட்டும். தறிக்குத் துணியும் ஆயிற்று, முதலாளிக்கு உடற்பயிற்சியும் ஆயிற்று.

ஏன் இப்படிக் கூட்டம் கூட்டமாக ஓடுகிறார்கள் என்று கேட்கிறீர்களா? சர்க்கரை அளவைச் சொல்லி டாக்டர் பயமுறுத்தியதால் சிலர். போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி ஆகட்டும் என்று வந்தவாசிப் பக்கத்துப் பையன்கள். கம்பெனியில் 'விருப்பமுள்ளவர்கள் வரலாம்' என்று சொல்லி, வராதவர் பெயரைக் குறித்துக்கொண்டதால் செய்யாரிலிருந்து பஸ் பஸ்ஸாகத் தொழிலாளர்கள். வெறும் டி-ஷர்ட்டுக்காக வருகிறவர்களும் உண்டு. அவர்களை ஏளனம் செய்யாதீர்கள், உண்மையைச் சொல்கிறவர்கள் அவர்கள்தான். பதக்க ஓட்டக்காரருக்கோ இதில் எதுவும் வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரு பெயர்.

எங்கே தேடுவானேன்? ஆரணிக் கடைத்தெருவுக்கு வாருங்கள், சிவப்பிரகாசத்தைக் காட்டுகிறேன்.

வயது ஐம்பத்து மூன்று. பட்டுப் புடவைக் கடை, சேவூர் சாலையில் ஒரு குடோன், வீட்டுக்குப் பின்னால் எட்டு தறி. குறை ஒன்றும் இல்லாத மனிதர், ஒரு பெயரைத் தவிர. ஊரில் அவரைப் 'பாதி டீ சிவப்பிரகாசம்' என்பார்கள். டீக்கடையில் கிளாஸை வாங்கினால் பாதிதான் குடிப்பார், மீதி ஆறிப்போகும். அதோடு நின்றிருந்தால் அந்தப் பெயர் இத்தனை வருஷம் நிலைத்திருக்காது. அவர் வீட்டு மாடி அறைக்கு நான்கு சுவரும் எழும்பிவிட்டன, கூரை இன்னும் வரவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், முன்னால் மட்டும்; பின்னால் எடுக்க வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிட வேண்டும். இந்தியில் கேள்வி கேட்கத் தெரியும். வடக்கிலிருந்து வருகிற வியாபாரி பதில் சொன்னால் புரியாது. இப்படி எல்லாம் பாதியில் நிற்பது ஊருக்குச் சிரிப்பாக இருந்தது. அவருக்கு வலித்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் நடந்த ஓர் ஓட்டத்துக்கு, டாக்டருக்குப் பயந்து போனார். ஒரு கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது. டீக்கடையில் உட்கார்ந்தார், வழக்கம்போல் பாதி குடித்தார், வண்டி நிறுத்திய இடத்துக்குப் போவதற்காகச் சாலையைக் கடந்தார். கடந்த இடம் முடிவுக்கோடாக இருந்தது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்து கழுத்தில் பதக்கத்தை மாட்டிவிட்டாள். "நான் வந்து..." என்று உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார், பாவம். அதற்குள் ஒருவர், "சூப்பர் சார், இந்த வயசுல!" என்று படம் பிடித்துவிட்டார். மறுநாள் கடைத்தெருவில் நான்கு பேர் அவரை 'மாரத்தான் சிவப்பிரகாசம்' என்று கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவர் பட்ட சந்தோஷத்தை அவருடைய கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

அதன் பிறகு விடுவாரா? நான்கு வருஷத்தில் பதினோரு ஓட்டம். புகையிலை ஒழிப்புக்கு ஓடினார், நதியைக் காக்க ஓடினார், சர்க்கரை நோய் விழிப்புணர்வுக்கு ஓடி முடித்து அந்த ஊரில் பெயர்பெற்ற இனிப்புக் கடையில் கால் கிலோ வாங்கிச் சாப்பிட்டார். எல்லா ஊரிலும் முறை ஒன்றுதான்: முதல் ஐந்நூறு மீட்டரும் கடைசி இருநூறு மீட்டரும் அவருடையவை, இடையில் உள்ளது மற்றவர்களுடையது. பதினோரு பதக்கமும் கடையில் கல்லாவுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கின. புடவை பார்க்க வருகிற பெண்கள் முதலில் பதக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் புடவையைப் பார்க்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஆரணியிலேயே ஓர் ஓட்டம் நடத்தலாம் என்று ஊரில் நான்கு பேருக்குத் தோன்றியது. கோட்டை மைதானத்தில் புறப்பட்டு, சேவூர் சாலையில் போய்த் திரும்பி, பத்து கிலோமீட்டர். ஏரியைக் காப்போம் என்பது கொள்கை. எந்த ஏரி என்று முடிவாகவில்லை. விழாக் குழுவுக்குத் தலைவர் யார்? கேட்க வேண்டுமா? அனுபவசாலி ஊரிலேயே இருக்கும்போது?

சிவப்பிரகாசத்துக்குப் பயம் பிடித்தது. வெளியூரில் மாட்டிக்கொண்டால் பஸ் ஏறிவிடலாம். உள்ளூரில் மாட்டிக்கொண்டால் மறுபடியும் பாதி டீதான், சாகிற வரைக்கும். ஆனால் தலைவர் நாற்காலியை வேண்டாம் என்று சொல்வதற்கும் தைரியம் வேண்டுமே. ஒப்புக்கொண்டார். திரும்புகிற இடத்தில் ஒவ்வொருவருக்கும் கையில் மை வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது எழுந்து நின்று எதிர்த்தார்: "நம்ம ஜனங்க மேல நமக்கே நம்பிக்க இல்லியா?" எல்லாரும் கை தட்டினார்கள். மை கைவிடப்பட்டது.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பதக்கத்தின் ரிப்பன் விஷயம் வந்தது. "பட்டு ஊர்ல நைலான் ரிப்பனா? கேவலமா இல்ல? நான் தரேன், அசல் பட்டு, அரக்குக் கலரு, ஜரிகைக் கரை!" என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

தறியில் ரிப்பன் நெய்தாக வேண்டும், அதற்கு முன்னால் நூலுக்குச் சாயம் ஏறியாக வேண்டும். இருந்தது சில நாள். சாயப்பட்டறை வீரன் முப்பது வருஷமாக அவருக்குச் சாயம் போடுகிறவர். நிறத்தைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியாதவர்.

"மொதலாளி, சாயம் இப்பத்தான் ஏறிகினு இருக்குது. இன்னும் ரெண்டு தண்ணி அலசணும், நெழல்ல ஒரு நாள் காயணும். இல்லன்னா எறங்கிடும்."

"இன்னாப்பா வீரா, பேஜார் பண்றே? முகூர்த்தப் பொடவையா இது? கழுத்துல அரை மணி நேரம் தொங்கப்போற ரிப்பன். ஜல்தி குடு."

"தண்ணி பட்டுச்சுன்னா..."

"மழக்காலமா இது? தண்ணி எங்கேந்து வரப்போவுது?"

கவனியுங்கள், இந்தத் தவறை ஆரணிக்காரர்களால்தான் செய்ய முடியும். பட்டு என்பது அவர்களுக்கு, பெட்டியிலிருந்து எடுத்து, உடுத்தி, கல்யாண மண்டபத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டு, மறுபடியும் பெட்டியில் வைக்கிற பொருள். விழாக் குழுவில் பதினான்கு பேர், பதினான்கு பேரும் பட்டோடு பிறந்து வளர்ந்தவர்கள். பத்து கிலோமீட்டர் ஓடி வந்த கழுத்து நனைந்திருக்கும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. தலைவருக்கு உறைக்க நியாயமே இல்லை. பதினோரு பதக்கம் வாங்கிய அந்தக் கழுத்து ஒருமுறைகூட வேர்த்ததில்லை.

வீட்டில் இன்னொன்று நடந்தது. பெண்கள் அதிகம் பெயர் கொடுக்கவில்லை என்று, தலைவர் தன் மனைவி தெய்வநாயகியின் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஏங்க, என் பேரயும் குடுத்துட்டீங்களாமே?"

"லேடீஸ் கொறஞ்சா பேப்பர்ல நல்லாருக்காதும்மா. நீ ஒண்ணும் வர வேணாம். டி-ஷர்ட் மட்டும் வாங்கி வை, வீடு தொடைக்க ஆவும்."

தெய்வநாயகி டி-ஷர்ட்டை வாங்கினாள். அளவு பார்த்துத்தான் வாங்கினாள். அதை அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. கோட்டை மைதானம் ஜே ஜே என்று இருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு, மேடையில் ஒருவர் ஆடிக்காட்ட, கீழே ஆயிரம் பேர் தப்புத் தப்பாக ஆடினார்கள். செய்யார் கம்பெனிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, வருகைப் பதிவு எங்கே எடுக்கிறார்கள் என்று தேடினார்கள். சிவப்பிரகாசம் கொடியசைத்தவரோடு படம் எடுத்துக்கொண்டார், கொடியோடு தனியாகவும் எடுத்துக்கொண்டார். கொடி அசைந்தது. எல்லாருக்கும் முன்னால் ஓடினார், சத்தியமாக ஓடினார், ஐந்நூறு மீட்டர். பிறகு "போங்க போங்க, நான் பின்னாடி வரவங்களுக்கு உற்சாகம் குடுத்துகினு வரேன்" என்று ஒதுங்கி, மெல்ல நடந்து, கூட்டம் கடந்து போகும்வரை ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். எழுந்தபோது அவருடைய குடோன் எதிரில் இருந்தது. என்ன ஆச்சரியம்! ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. முதல்நாளே அவர்தான் தூக்கி வைத்திருந்தார்.

உள்ளே மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்க்கில் டீ. பாதி குடித்தார். 'ஐந்து கே முடிந்தது. கால் கெஞ்சுகிறது, மனம் மிஞ்சுகிறது' என்று வாட்ஸப்பில் ஒரு வரி போட்டார். பழக்கம் காரணமாக, அலமாரியிலிருந்து பவுடரை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அடித்துக்கொண்டார். ஐம்பத்தைந்து நிமிஷம் கழித்து ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்து, திரும்பி வருகிறவர்களில் ரொம்ப வேகமும் இல்லாத ரொம்ப சோர்வும் இல்லாத ஒரு கும்பல் வந்தபோது, ஈரக் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றி, இடது காலை நொண்டிக்கொண்டே கலந்துவிட்டார். போன ஓட்டத்தில் வலது கால். மாற்றி மாற்றி நொண்டுவது அவருடைய தர்மம்.

முடிவுக்கோடு. கைதட்டல். பதக்கம். அரக்குப் பட்டு ரிப்பன் தலைவரின் கழுத்தில் தகதகவென்று விழுந்தது. பெரும்பாலானவர்கள் வந்து சேர்ந்ததும், விழாவுக்கு மைக் பிடித்த கல்லூரி ஆசிரியர் இளஞ்செழியன் அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டார்: "மாரத்தான் சிவப்பிரகாசம் அவர்களே, உங்களை ஓட வைப்பது எது?"

தலைவர் மைக்கை வாங்கினார். "நண்பர்களே! என்னை ஓட வைப்பது என் கால்கள் அல்ல, என் மனம். பாதியில் நின்றுவிடலாம் என்று கால் சொல்லும். முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மனம் சொல்லும்..." குரல் தழுதழுத்தது. நடிப்பு என்று நினைக்காதீர்கள். சொல்லிக்கொண்டு வரும்போது அது உண்மை என்றே அவருக்குப் பட்டுவிட்டது.

அப்போதுதான் கீழே ஒருவர் அலறினார்: "ஐயோ, ரத்தம்! கழுத்துல ரத்தம்!"

செய்யார் கம்பெனிக்காரர் ஒருவரின் கழுத்தைச் சுற்றிச் செக்கச் செவேலென்று ஒரு வளையம். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் தன் கழுத்தைத் தொட்டார், விரல் சிவந்தது. பத்துப் பேர், ஐம்பது பேர், நூறு பேர். போலீஸ் வேலைக்குப் போக இருந்த ஒரு பையன் தன் கையைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தரையில் படுத்துக்கொண்டான். முதலுதவிக்காரர்கள் பஞ்சோடு ஓடி வந்தார்கள், எந்தக் கழுத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த சாயப்பட்டறை வீரன் கூட்டத்துக்குள் நுழைந்தார். ஒரு கழுத்தில் விரலை வைத்துத் தேய்த்தார், வெளிச்சத்தில் பார்த்தார். "ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அரக்கு. நம்ம பட்டறைச் சாயம். வேர்வைல எறங்கிச்சு. சோப்பு போட்டா ரெண்டு நாள்ல பூடும்."

மைதானமே சிரித்தது. படுத்திருந்த பையனும் எழுந்து சிரித்தான். வீரனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, தொழில் ஆயிற்றே. ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே மேடை வரைக்கும் வந்துவிட்டார்.

"நான் அப்பவே அலசணும்னு சொன்னனே மொதலாளி..." என்று ஆரம்பித்தவர் நின்றார். தலைவரின் கழுத்தைப் பார்த்தார். ரிப்பனை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். அடியில் வெள்ளை வெளேரென்று பவுடர். "உங்களுக்கு மட்டும் எறங்கவே இல்லியே, எப்டி மொதலாளி?"

மைக் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"எனக்கு... எனக்கு வேர்க்காதுப்பா. எல்லாம் பயிற்சி."

"அப்டிங்களா!" என்றார் வீரன், உண்மையான வியப்போடு.

இதோடு விட்டிருந்தால் பாதி ஊர் நம்பியிருக்கும். ஆனால் கீழே ஆயிரம் சிவந்த கழுத்துகள் நிமிர்ந்து அந்த ஒரே வெள்ளைக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் "ஒரு நிமிஷம்" என்று மேடைக்குப் பின்னால் போனார். இரண்டு தண்ணீர்ப் பாக்கெட்டுகளைப் பல்லால் கடித்துக் கழுத்தில் பீச்சிக்கொண்டு திரும்பி வந்தார். வெள்ளை டி-ஷர்ட்டில் கழுத்திலிருந்து தொப்பை வரைக்கும் ஆறு சிவப்புக் கோடுகள்.

"இப்ப வேர்த்துடுச்சு" என்றார்.

வீரனிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், சாயத்தைப் பற்றி மாற்றிச் சொல்லச் சொல்லாதீர்கள். "இது தண்ணிங்க மொதலாளி" என்றார் பணிவாக. "வேர்வைன்னா உள்ளேந்து கசியும், கழுத்தச் சுத்தி வட்டமாப் படரும். மேலேந்து ஊத்துனாத்தான் இப்டி கோடு கோடா எறங்கும்."

அவமானப்படுத்தச் சொல்லவில்லை, புடவையில் விழுந்த கறையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்ததோ ஆரணி. சாயம் எப்படி இறங்கும் என்று பால்குடிக்கிற வயதிலேயே தெரிந்துகொண்ட ஊர். எங்கோ பின்வரிசையில் ஒரு குரல் சாவகாசமாக, "ஒரு டீ... பாதியா!" என்றது. அதற்குப் பிறகு மைதானத்தில் யார் பேசினாலும் கேட்கவில்லை. சிவப்பிரகாசம் பதக்கத்தைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். நான்கு வருஷப் பெயர் நான்கு நிமிஷத்தில் போயிற்று.

அப்போது முடிவுக்கோட்டைத் தாண்டிக் கடைசி ஆளாக ஒருவர் வந்தார். ரப்பர் செருப்பு, சுடிதார் பேன்ட், அதன்மேல் அளவு பார்த்து வாங்கிய டி-ஷர்ட், தலையிலிருந்து கால் வரைக்கும் வேர்வை. தெய்வநாயகி!

பேச்சை மாற்றக் கிடைத்த சந்தர்ப்பத்தை இளஞ்செழியன் விடவில்லை. பதக்கத்தை மாட்டிவிட்டு மைக்கை நீட்டினார். "அம்மா, உங்கள ஓட வெச்சது எது?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு மணி நேரமா யாரும் என்னை, துண்டு எங்க, கண்ணாடி எங்கன்னு கூப்புடல. திரும்புற எடத்துக்கு வந்தப்போ, இன்னும் கொஞ்சம் தூரம் வெச்சிருக்கக் கூடாதான்னு தோணிச்சு."

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை, கை தட்டினார்கள், நிறுத்தாமல் தட்டினார்கள். அவள் கழுத்தில் அரக்குச் சாயம் கசிந்து, சுற்றி வர ஒரே சீராகப் படர்ந்தது. வீரன் எட்டிப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னாலிருந்து அவள் மெல்லச் சொன்னாள். "குடோன்ல ஃபேன் ஓடிகினு இருந்திச்சு. நிறுத்திட்டு வரலாம்னு பாத்தேன். நின்னா மறுபடி ஓட முடியாதுன்னு வந்துட்டேன்."

"எப்ப பாத்தே?"

"போறப்பவும் ஓடுச்சு. வரப்பவும் ஓடிகினுதான் இருந்திச்சு."

அவர் வண்டியை மெதுவாக்கினார். "மைக்குல ஏன் சொல்லல?"

"அவங்க அத கேக்கலியே."

வீட்டில் அவள் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அவரே டீ போட்டார். சர்க்கரை கூடிவிட்டது, தூள் குறைந்துவிட்டது. அவளுக்கு ஒரு கிளாஸ் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். யாரும் படம் எடுக்கவில்லை.

மாரத்தான் என்ற பெயர் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை, ஆள்தான் மாறியது. இப்போது கடைத்தெருவில் வழி கேட்டால், "மாரத்தான் அம்மா வூட்டுக்காரரு கடையா? அதோ, மெடலு தொங்குது பாருங்க" என்பார்கள். பதினோரு பதக்கங்களும் உள்ளே போய்விட்டன. கல்லாவுக்குப் பின்னால் ஒன்றே ஒன்று, சாயம் போய் வெளுத்த அரக்கு ரிப்பனில். அது அவருடையது அல்ல.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கு ஓட்டமும் இல்லை, குடோனும் இல்லை என்ற தைரியம்தானே? எல்லா வேலைக்கும் முதல் ஐந்நூறு மீட்டரும் கடைசி இருநூறு மீட்டரும் உண்டு. இதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியைப் படித்துவிட்டு, நடுவில் எங்கேயோ ஷூ கயிறு கட்ட ஒதுங்கி, இந்தக் கடைசிப் பத்தியில் வந்து கலந்துகொண்டு, "படிச்சேன், பிரமாதம்" என்று நாளைக்கு நான்கு பேரிடம் சொல்லப்போகிறவர் உங்களில் ஒருவராவது இருப்பார். அவர் மட்டும் ஒரு காரியம் செய்யட்டும். கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். விரலில் பவுடர் ஒட்டும்.